வாசலுக்கு உள்ளே

(ஊடகவியல் மாணவர் குறும்படத் திரையீட்டில் ஆற்றிய உரை)



பட்டம் பெறப்போகும் உங்கள் முன்னே, பட்டம் பெறாமலே கல்லூரி வாசலைத் தாண்டி வெளியேறிவிட்ட ஒருவனை நிறுத்தி, பேசு என்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, எனக்கு இன்று வாசலைப் பற்றிப் பேசவே தோன்றுகிறது.

1895ஆம் ஆண்டு, டிசம்பர் 28. பாரிஸ் நகரத்துக் 'கிராண்ட் கஃபே'யின் அடித்தள அறை. கட்டணம் கொடுத்து வந்தமர்ந்தோர் முன்னே திரை ஒளிர்ந்தது. லூமியேர் சகோதரர்கள் அன்று காட்டியவை பத்துப் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்திற்கும் குறைவு. குறும்படம், குறும்படம் என்று இன்று கொண்டாடுகிறோமே, சினிமா பிறந்ததே குறும்படமாகத்தான்! அவற்றுள் முதலிடம் பெற்ற படத்திலே என்ன இருந்தது? மன்னன் மகுடமா? மாதா கோயில் மணியா? அல்ல, அல்ல! ஆலை வாசல் திறக்கிறது. ஆடவரும் பெண்டிரும் அலை அலையாக வெளியே வருகின்றனர். அவரவர் வழியே போகின்றனர். அவ்வளவே படம்.

முதற்படமே தொழிலாளர் படம் என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? தட்டுமுன் ஒன்று கேளுங்கள். அந்த ஆலை யாருடையது? படம் எடுத்தவர்களுடையதே! லியோன் நகரிலே அவர்கள் நடத்திய ஒளிப்படத் தகட்டு ஆலை அது. கருவியும் முதலாளியுடையது, கதவும் முதலாளியுடையது. ஒருமுறை எடுத்தது போதாதென்று அதே காட்சியை மறுமுறையும் எடுத்தார்கள். பிழைப்புக்காக நடந்தவர்கள் படத்துக்காகவும் நடந்தார்கள். உள்ளே எத்தனை மணி நேரம் குனிந்திருந்தார்கள், என்ன கூலி பெற்றார்கள் என்பதை அந்தக் காமிரா கேட்கவில்லை. அது வாசலிலேயே நின்றுவிட்டது.

இப்பொழுது, சற்று முன் நாம் பார்த்த பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு வருகிறேன். அதை எடுத்த தங்கை, நெல்லைச் சீமையிலே பீடி சுற்றும் ஒரு தாயின் மகள். அந்தத் தொழிலுக்கு ஆலை இல்லை. ஆகவே வாசலும் இல்லை. திண்ணைதான் ஆலை, சுளகுதான் எந்திரம். இலையை நனைத்து, ஈரத்துணியில் பொதிந்து, தகட்டை வைத்து அளவாகக் கத்தரித்து, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடித்து, ஆயிரம் எண்ணிக்கை ஆனால்தான் கூலிக்கணக்கு. வீட்டிலிருந்து சுற்றுவோரும் தொழிலாளரே என்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. ஏட்டிலே ஏற்றது!

தங்கை தன் கைப்பேசியைத் திண்ணைத் தூணிலே கட்டிவைத்துப் படமெடுத்தாள். இலையைச் சுருட்டும் விரல்களை மட்டும் அருகில் காட்ட ஆசை. ஒருமுறை வெளிச்சம் போதவில்லை. ஒருமுறை விரல் மறைத்தது. ஒருமுறை தெருவிலே மாட்டுவண்டி அல்ல, மணல் லாரி. பதினோராவது முறையும் "இன்னொரு தடவை அம்மா" என்றபோது, தாய் கேட்டாளாம்: "ஏட்டி, ஒனக்காக அவுத்து அவுத்துச் சுத்துனதை எந்தக் கணக்குல எழுத? இன்னைக்கு ஆயிரம் ரொம்பாதுல்லா?"

தோழர்களே, இதை என்னிடம் சொன்னபோது அந்தப் பெண் அழவில்லை. வெட்கினாள். "அண்ணே, உழைப்பைக் காட்டப் போய், நானே கூலி கொடுக்காத முதலாளி ஆயிட்டேன்" என்றாள். அன்றிரவு தாயோடு உட்கார்ந்து, குறைந்த பீடிகளைத் தானும் சுற்றி முடித்திருக்கிறாள். பன்னிரண்டு வயதுக்குப் பின் தொடாத சுளகு, விரல் மறக்கவில்லையாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கட்டுகளைச் சரிபார்த்து, இது மட்டம், இது கழிவு என்று ஒதுக்கித் தள்ளுகிறவரின் முகம் படத்தில் இல்லை; கை மட்டுமே வருகிறது. இதோ, பின்வரிசையில் ஒரு தோழர், "முகத்தைக் காட்டப் பயமா?" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. ஆம், பயம்தான்! முகம் தெரிந்தால் மறுநாள் இலை கிடைக்காது. இலை கிடைக்காவிட்டால் அடுப்பு எரியாது. மேடையிலே முழங்குகிற எனக்கு இழப்பதற்கு ஒலிபெருக்கி வாடகைதான் உண்டு. அந்தத் தாய்க்கு அப்படியல்லவே! கையை மட்டும் காட்டியதைக் கோழைத்தனம் என்று எவரும் கூறினால், அவரது வீட்டுத் திண்ணையிலே அடுத்த படத்தை எடுக்கட்டும்.

இனி என் கதை. தங்கை முதலில் என்னைத் தேடி வந்ததே வசனம் கேட்டுத்தான். கேட்க வேண்டுமா! 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி' என்று வசனத்தாலே வாகை சூடிய வழியிலே வந்தவர்கள் நாம். நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாய் ஒப்பித்த தந்தைக்குப் பிறந்தவன் நான். இரண்டே நாளில் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். புகையிலைத் தூளையும் புண்பட்ட நெஞ்சையும் இணைத்து, புயலென ஒரு முடிவுரை! பத்து நாள் கழித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இருக்கு அண்ணே. ஆனா எங்கம்மா இப்படிப் பேச மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? ஒரு வாரம் அந்தப் பெண்ணோடு பேசவில்லை. பிறகு படத்தைப் பார்த்தேன். கத்தரி வெட்டும் ஓசை, நூல் இழுபடும் ஓசை, நடுவிலே ஓர் இருமல். என் ஆறு பக்கத்தை அங்கே எங்கே வைப்பது? நாடக மேடையிலே தாய் வாய் திறந்து பேசித்தான் ஆகவேண்டும். கடைசி வரிசைக்கு விரல் தெரியாது. இங்கே விரல் தெரிகிறது. இதை ஒப்புக்கொள்ள எழுத்தாளனுக்கு ஒரு வாரம் பிடித்தது. அதற்கு என்னை மன்னிக்கலாம்.

படத்தை அந்தத் தாய் தன் வீட்டுச் சுவரிலே, வெள்ளை வேட்டி ஒன்றில் பார்த்தாள். முடிந்ததும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு முதுகைத் தடவிக்கொண்டு கேட்டாள்: "நான் இம்புட்டுக் குனிஞ்சா இருக்கேன்?"

மாவட்டத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தை நம் படிப்பகங்களிலே காட்ட இசைந்திருக்கிறாள் தங்கை. கட்டணம் வேண்டாம் என்கிறாள், கொடுங்கள். பீடி சுற்றும் தாய்மார்கள் முன்வரிசையில் அமரட்டும். நாம் பின்னே நிற்போம். சுவரொட்டியில் மாலை ஆறு மணி என்று போட்டுவிடாதீர்கள். அந்நேரம் கட்டுக் கொடுத்துக் கணக்குப் பார்க்கும் நேரம். ஏழரை என்று போடுங்கள்.