வெளுக்கும் விரல்கள்



தமிழ்க் கடைகள் நிறைந்த இந்த ரூ பெர்தொனே, தொடருந்துப் பொறியியலாளர் ஒகுஸ்த் பெர்தொனேயின் பெயரைத் தாங்கியது. இதே பாரிசில் 1862இல் மருத்துவர் மொரிஸ் ரேனோ, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோயை விவரித்தார். டிரில், கிரைண்டர், காங்கிரீட் உடைக்கும் கருவி ஆகியவற்றின் அதிர்வும் இந்நிலையை உண்டாக்கும். பராமரிப்புப் பணியிலுள்ள தந்தையர் பலர் இதை வெறும் குளிர் என்றே எண்ணி மறைக்கின்றனர். முற்றிய பின் விரல்கள் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

2002இன் ஐரோப்பிய நெறிமுறையும் 2005இன் பிரெஞ்சு ஆணையும் எட்டு மணிநேர வேலைக்கு இரு எல்லைகளை வகுத்துள்ளன. வினாடி வர்க்கத்திற்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி அதிர்வைக் குறைக்க நடவடிக்கை எடுக்கவேண்டும். 5 மீட்டரை ஒருபோதும் தாண்டலாகாது. அதிர்வு இருமடங்கானால் அனுமதிக்கப்படும் நேரம் காற்பங்காகக் குறையும். 10 மீட்டர் அளவில் அதிரும் கருவி அரைமணி நேரத்தில் முதல் எல்லையையும், இரண்டு மணி நேரத்தில் இறுதி எல்லையையும் எட்டிவிடும்.

அளவிடும் கடமை முதலாளிக்குரியது. எனினும் கருவியின் பெயரையும் அது கையில் ஓடிய நிமிடங்களையும் தொழிலாளியும் நாள்தோறும் குறித்துவைத்தல் நன்று. இந்நோய் பிரான்சின் தொழில்நோய்ப் பட்டியலில் 69ஆம் அட்டவணையில் உள்ளது.

இளையோரே, பிரெஞ்சு மொழி உங்கள் நாவில் உள்ளது. தந்தையின் விரல்களை இன்றிரவு பாருங்கள். தொழில் மருத்துவரிடம் அவருக்காகப் பேசுங்கள்.