பாடு யாருக்கு? பழவேற்காட்டு நீரும் அதற்குள் இருக்கும் எல்லையும்



நம்முடைய மேடைகளில் நிலத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். குடிக்கிற தண்ணீரைப் பற்றியும் பேசியிருக்கிறோம். மீன் பிடிக்கிற தண்ணீரைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. அதை இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

பழவேற்காட்டுப் பக்கம் நீர் வடிகிற நேரத்தில் போய்ப் பாருங்கள். அலையாத்தி ஓரத்தில், இடுப்பளவு சேற்றுநீரில், இருளர் பெண்கள் குனிந்து இறால் தடவிக்கொண்டிருப்பார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. பனை ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, கைக்குச் சிக்குகிற இறாலைப் பறிக்குள் போடுவார்கள். சிப்பி கிழிக்கும், நண்டு கடிக்கும். நான்கைந்து மணி நேரம் அப்படியே நிற்பார்கள். இவர்கள் நிற்கிற தண்ணீர் யாருடையது? இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்குப் பகுதி நம்முடைய திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் வருகிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. எனவே முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் வலை கட்ட உரிமை பெற்றவருக்கு நல்ல பங்கு கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடங்களைப் பங்கு போட்டுக்கொள்ள ஒரு மரபு உண்டு. அதற்குப் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் குப்பங்களில் பாடு உரிமை உள்ளது. திருமணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுகளுக்குள் சீட்டுக் குலுக்கி, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முடிவு செய்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம் வரும். ஒருவரே ஆண்டு முழுவதும் நல்ல இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. போலீஸ் இல்லை, மீன்வளத் துறையின் உத்தரவு இல்லை. ஊர் கூடிச் செய்கிற ஏற்பாடு.

இது சாதாரண விஷயம் இல்லை. பொதுவில் கிடக்கும் வளத்தை ஆளுக்கு ஆள் சுரண்டி அழித்துவிடுவார்கள், எனவே தனியாருக்குக் கொடு அல்லது அரசு எடுத்துக்கொள் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். அப்படி இல்லை, மக்களே விதி வகுத்துக் காப்பாற்றிய வளங்கள் உலகமெங்கும் இருக்கின்றன என்று எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் காட்டினார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இதைப் பாடமாகவே படித்திருப்பீர்கள். பாடு முறையைப் பாராட்டும் ஆய்வுகளும் அந்த வழியில் வந்தவைதான். அவர்கள் பாராட்டுவதில் தவறு இல்லை.

ஆனால் ஆஸ்ட்ரம் சொன்ன நிபந்தனைகளில் முதலாவது என்ன? எல்லை தெளிவாக இருக்க வேண்டும். வளத்துக்கும் எல்லை, அதைப் பயன்படுத்துவோர் யார் என்பதற்கும் எல்லை. நம் ஊரில் ‘யார்’ என்ற எல்லையை யார் போட்டது? சேரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாடு பட்டினவர் சாதிக்குள் போடப்படுகிற சீட்டு. அதே ஏரிக்கரையில் வாழ்கிற தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அந்தக் குலுக்கலில் சீட்டு இல்லை. பட்டினவர் பெண்களுக்கும் தலைக்கட்டு என்ற தகுதி இல்லை. பாடு உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவு சாதியோடு ஒட்டிக்கிடப்பதைப் பழவேற்காட்டில் ஆய்வு செய்து 2008இல் எழுதிய சாரா கூல்ட்ஹார்டும் பதிவு செய்திருக்கிறார். உள்ளே இருப்பவர்களுக்கு அது சமத்துவமான முறை. வெளியே நிற்பவருக்கு அது மூடிய கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

‘அவர்கள் பரம்பரை மீனவர்கள் இல்லையே, இறாலுக்கு விலை வந்த பிறகுதானே தண்ணீரில் இறங்கினார்கள்?’ என்று கேட்பார்கள். இறால் ஏற்றுமதி சூடுபிடித்த பிறகு பலர் ஏரிக்கு வந்தார்கள் என்பது உண்மை. ஏன் வந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். வயலில் கூலி வேலை குறைந்தது. சொந்தமாக நிலம் இல்லை. பிறப்பால் வந்த தொழிலுக்கு மட்டுமே உரிமை உண்டு என்றால், நமக்குப் பிறப்பால் கொடுக்கப்பட்ட தொழில்கள் எவை என்று உங்களுக்குத் தெரியும். பரம்பரை என்ற சொல்லை உரிமைக்கு அளவுகோலாக வைத்தால் அது சாதியைத்தான் அளக்கும்.

இதே மண்ணின் வரலாற்றைப் பாருங்கள். பொன்னேரி அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். நிலத்துக்காவது காட்ட ஒரு காகிதம் இருந்தது. தண்ணீருக்கு அதுவும் இல்லை. 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தபோது, பொது என்று பெயர் வைத்த நீர் உண்மையில் பொதுவாக இருக்கிறதா என்று சோதித்துக் காட்டினார். பழவேற்காட்டில் அந்தச் சோதனை இன்னும் முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நான் பட்டினவர் மக்களை எதிரியாக நிறுத்தவில்லை. அவர்கள் தலைக்கு மேலும் கத்தி தொங்குகிறது.

ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. 1969இல் அந்தத் தீவு ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்வானபோது, அங்கே வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் இடம்பெயர வேண்டியிருந்தது. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், துறைமுகம். அடுத்து காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. பிறகு 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் வைத்திருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவில்லை. 2023 செப்டம்பரில் வைத்ததும் தள்ளிப்போனது. மக்கள் எதிர்ப்பு இல்லாமல் இது நடந்திருக்காது. அந்த எதிர்ப்பின் முதுகெலும்பு மீனவக் குப்பங்கள்தான்.

முன்னும் இப்படி ஒரு வெற்றி உண்டு. இறால் பண்ணைகள் கடற்கரையைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், நிலமற்றவர்களுக்காக வாழ்ந்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது. பெயர் சொல்லி இந்த ஏரியைக் காத்த தீர்ப்பு அது.

எனவே ஏரியைக் காக்கும் போராட்டத்தில் நாம் எல்லோரும் ஒரே பக்கம். நட்டஈடு என்று வரும்போதுதான் பிரிவு தெரியும். யார் மீனவர் என்று எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? பெரும்பாலும் படகு, வலை, சங்க உறுப்பினர் அட்டை. பறியைப் பல்லில் கடித்து நிற்பவரிடம் இந்த மூன்றும் இல்லை. அவர் இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவராகக் காகிதத்தில் ஆகிவிடுகிறார்.

அரசை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவாக நாங்கள் வள வரைபடம் தயாரித்தோம். தரையில் கோலப்பொடி, கலர்ப்பொடி போட்டு மக்களே வரைகிற முறை. பாடு இடங்கள், படகுத்துறை, ஏலம் போடும் இடம் எல்லாம் அழகாக வந்தன. படம் முடிகிற நேரத்தில் ஈரச் சேலையோடு ஓர் இருளர் அம்மா வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலால் ஓர் இடத்தைக் காட்டினார்.

“இத ஏன் சார் சும்மா விட்டுட்டீங்க? நாங்க இறால் தடவுறது இங்கதான.”

“கூட்டத்துக்கு வந்திருந்தா போட்டிருப்போமேம்மா” என்றேன்.

“தண்ணி வடியுற நேரத்துல கூட்டம் வச்சா எப்படி சார் வருவோம்?”

எங்கள் கூட்டம் காலை பதினொரு மணிக்கு. அது எங்களுக்கு வசதியான நேரம், பஸ் வரும் நேரம். பங்கேற்பு, பங்கேற்பு என்று அறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதிய நான், நீர் எப்போது வடியும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. பழங்குடிகளோடு வேலை செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அறிவு அவர்களிடம் இருக்கிறது. அதற்கு உரிமையும் அமைப்பும் இல்லை. இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் உண்டு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பாம்புத்தோல் வணிகம் நின்றது. பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்கள் பிழைப்பை இழந்தார்கள். 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதே பாம்பறிவு சட்டத்துக்கு உட்பட்டு, நஞ்சு எடுத்து மருந்துக்குக் கொடுக்கும் தொழிலானது. 2023இல் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பறிவுக்குச் சங்கமும் விருதும் கொடுக்க முடிந்த நாட்டில், நீரறிவுக்கு ஓர் அடையாள அட்டை கொடுக்க முடியாதா?

சட்டத்தில் வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(டி), நீர்நிலைகளில் மீனுக்கும் பிற விளைபொருளுக்குமான சமூக உரிமையை அங்கீகரிக்கிறது. அந்தச் சட்டம் வனநிலம் என்று சொல்வதில் சரணாலயமும் அடங்கும். பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைக்கு இடம் ஒதுக்கிய அதே எல்லைக்குள் இருளரின் உரிமையையும் கேட்க முடியும். தமிழ்நாட்டில் குறிப்பாக நலிந்த பழங்குடிகள் என்று பட்டியலிட்ட ஆறு சமூகங்களில் இருளரும் ஒன்று. பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தலித் குடும்பங்களுக்கு அது கடினம். ஆனால் முடியாதது இல்லை. பழைய பதிவேடுகளைத் தேடவும் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கவும் மாணவர்கள் வேண்டும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பத்துப் பேர் போதும்.

நான் முன்வைப்பது நான்கு வேலைகள்.

முதலாவது, கையால் மீன் பிடிப்பவர்களைக் கணக்கெடுக்க வேண்டும். பெண்களின் பெயரில், தனித்தனியாக. எந்த நீரில், எந்தப் பருவத்தில் என்று சேர்த்து எழுத வேண்டும். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டம் வரும்போது அந்தப் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கிராம சபை வழியாக வன உரிமை மனுக்கள்.

மூன்றாவது, பாடு உள்ள குப்பங்களோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவது. பாடு முறையை ஒழிக்க வேண்டாம். சீட்டுக் குலுக்கிப் பகிர்கிற அந்த நல்ல விதியைச் சாதிக்கு வெளியேயும் நீட்டுங்கள் என்று கேட்போம். ஆழமில்லாத ஓர நீரை வலை போடாமல் கைமீன்பிடிக்கு விட்டுவைக்க வேண்டும் என்றும் கேட்போம். துறைமுகத்தை எதிர்த்து ஒன்றாக நிற்க வேண்டுமென்றால், ஏரிக்குள் ஒன்றாக நிற்கவும் இடம் வேண்டும்.

நான்காவது சிறியது. இனி எந்தக் கூட்டமும் தண்ணீர் ஏறிய பிறகு, பெண்கள் கரைக்கு வந்த பிறகு நடக்கட்டும்.

அந்த வரைபடத்தை அன்றே திருத்தினோம். அந்த அம்மா கலர்ப்பொடி வாங்கித் தானே வரைந்தார். அவர் வரைந்த பகுதி நாங்கள் நினைத்ததைவிடப் பெரியதாக இருந்தது. அரசாங்கத்தின் எந்த வரைபடத்திலும் அது இன்னும் ஏறவில்லை. அதை ஏற்றுகிற வேலைக்கு வாருங்கள்.