கும்பிடுறவையும் கும்பிடாதவையும் எப்படிக் கதைக்கிறது?

(எங்கள் கூட்டின் இலையுதிர்கால வாசிப்பு நாளில் ஆற்றிய உரை. எழுத்துக்காகச் சில இடங்களை மட்டும் திருத்தியிருக்கிறேன்.)



இந்தத் தலைப்பில் பேசச் சொல்லிக் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, அது இங்கே பலருக்கும் தெரியும். நம்பிக்கை உள்ள ஒருவர் பேசினால் நல்லது என்று சொன்னேன். "அப்படி ஆர் இப்ப எங்கட கூட்டத்துக்கு வருகினம்?" என்று ஒரு தோழர் திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

வந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை அவர் கோயிலில் இருந்து நேரே கூட்டத்துக்கு வந்தார், நெற்றியில் திருநீறோடு. "என்ன, பாட்டாளி வர்க்கம் இண்டைக்குப் பட்டையோட வருது" என்று யாரோ பகிடி விட்டார்கள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு கூட்டத்துக்கு வந்தார், பிறகு வரவில்லை. பல மாதம் கழித்துத்தான் ஏன் என்று கேட்டேன். "அண்டைக்குப் பிறகு நான் வாடகையைப் பற்றிக் கதைச்சாலும் நீங்கள் என்ர நெத்தியைத்தான் பாத்தனீங்கள்" என்றார்.

வீட்டு வாடகை பற்றி எங்களில் யாரையும்விட அவருக்குத்தான் கூடத் தெரியும். அந்த வேலையை நாங்கள் இழந்தோம். ஒரு பகிடிக்கு அது பெரிய விலை.

இனி என் சொந்தப் பிழை. 2009 மே மாதத்துக்குப் பிறகு என் மாமாவைப் பற்றி எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. அம்மாவின் தம்பி. அம்மா ஒவ்வொரு ஐப்பசியும் கந்தசஷ்டி விரதம் பிடிப்பா, ஆறு நாளும். நான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். புதிதாக நாத்திகப் புத்தகங்கள் வாசித்த சூடு. சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்தபோது, அம்மா ஐந்தாம் நாள் களைப்போடு குசினியில் நிற்கிறா. நான் கேட்டேன்: "முருகன் எண்டு ஒருத்தர் இருந்தா மாமாவைக் காப்பாத்தி இருக்க மாட்டாரோ?"

தர்க்கமாகப் பார்த்தால் கேள்வியில் பிழை இல்லை. இன்றைக்கும் அதற்கு நல்ல பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டுப் போய்ப் படுத்திட்டா. விவாதத்தில் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் அவவே சொன்னா. "முருகன் அவனைக் கொண்டு வந்து தருவார் எண்டு நான் பிடிக்கேல்லை. அவனுக்காகச் செய்ய எனக்கு வேற ஒண்டும் இல்லை."

கடவுள் நிரூபிக்கப்பட்டாரா இல்லையா என்பதைப் பற்றி நான் கதைத்துக்கொண்டு இருந்தேன். அம்மாவுக்கு அது தம்பியைப் பற்றிய விஷயம். "ஏன் பிடிக்கிறீங்கள்?" என்று ஒரு தரம்கூட நான் கேட்டதில்லை. எனக்குப் பதில் ஏற்கெனவே தெரியும் என்று இருந்தேன்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். தொடங்கிய இடம் எது? கந்தசாமி கோயில் முன்றல். அந்த அம்மாமார் அரசாங்கத்திடம் கேட்டார்கள், சர்வதேசத்திடம் கேட்டார்கள், தேங்காய் உடைத்துக் கடவுளிடமும் கேட்டார்கள். அந்தப் படங்களை நாங்கள் எல்லாரும் பகிர்ந்தோம். தேங்காய் உடைக்கும் அந்தக் கைகளில் எங்களுக்கு மூடநம்பிக்கை தெரியவில்லை, அரசுக்கு எதிரான குற்றச்சாட்டுத்தான் தெரிந்தது. அதே தேங்காயை எங்கள் அம்மா வீட்டில் உடைத்தால் மட்டும் ஏன் கண்ணை உருட்டுகிறோம்?

மார்க்ஸ் மதத்தை அபின் என்று சொன்னது இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லுக்கு முன்னால் வரும் வரிகளையும் வாசியுங்கள். மதத்தில் மனிதரின் உண்மையான துன்பம் வெளிப்படுகிறது, அந்தத் துன்பத்துக்கு எதிரான முறையீடும் அதிலேயே இருக்கிறது என்பதுதான் அங்கே அவர் வாதம். முறையீடு செய்கிற ஆளிடம் முதலில் என்ன முறையீடு என்று கேட்க வேண்டும்.

சரி, கேட்டால் மட்டும் போதுமா? எல்லாரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டு இருந்தால் சாதியைப் பற்றி ஆர் கதைக்கிறது? இது நியாயமான கேள்வி. இதற்கு எங்கள் வரலாற்றிலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது.

பொது இடங்களில் சாதியின் பேரால் ஆட்களைத் தடுப்பது குற்றம் என்று இலங்கையில் 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைகளும் கோயில்களும் அந்தச் சட்டத்தைக் கண்டுகொள்ளவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாவின்போது, உள்ளே போய்க் கும்பிட விடுங்கள் என்று கேட்டு ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

அந்த இயக்கத்தைக் கட்டியவர்களில் முக்கியமானவர்கள் நா. சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். பின்னாளில் 'பஞ்சமர்' நாவலை எழுதிய கே. டானியல் அதில் முன்னின்று உழைத்தார். மார்க்சியவாதிகள், முருகனிடம் எதுவும் கேட்கப் போகாத ஆட்கள். வாசலை மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், சைவர்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் மனதில் வைத்துப் பாருங்கள். வாசலுக்கு உள்ளே நின்று மறித்தவரும் முருக பக்தர், வெளியே வெயிலில் இருந்தவரும் முருக பக்தர். வெளியே இருந்தவருக்குப் பக்கத்தில் கம்யூனிஸ்ட். நம்பிக்கைக்கும் நம்பிக்கையின்மைக்கும் நடுவில் கோடு போட்டால் இந்தப் போராட்டம் உங்களுக்கு விளங்கவே விளங்காது. "முதலில் முருகனை விட்டிட்டு வாங்கோ, பிறகு சேர்ந்து போராடுவம்" என்று அந்தத் தோழர்கள் நிபந்தனை போட்டிருந்தால் வாசலில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். தங்கள் நாத்திகத்தை அவர்கள் மறைக்கவும் இல்லை.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. பெரியாரும் குன்றக்குடி அடிகளாரும். அடிகளார் ஒரு சைவ ஆதீனத்தின் தலைவர். நாத்திகப் பிரசாரத்துக்கு எதிராக 1950களில் ஊர் ஊராகப் பேசியவர். பெரியார் 1953இல் பிள்ளையார் சிலைகளை உடைக்கும் போராட்டம் நடத்தியவர். அந்தச் சிலையுடைப்பை உரையாடல் என்று நான் சொல்ல மாட்டேன். அது ஒரு தாக்குதல், அதற்கான அரசியல் காரணங்கள் இருந்தன, அதைப் பற்றித் தனியாக விவாதிக்கலாம். ஆனால் இந்த இரண்டு பேரும் பிறகு நண்பர்களானார்கள். ஒரே மேடையில் பேசினார்கள். கூட்டத்தில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது முதுமையிலும் மற்றவர்களைப் பிடித்துக்கொண்டு பெரியார் எழுந்து நிற்பார் என்பது இன்றைக்கும் மேடைகளில் சொல்லப்படும் கதை.

இது வெறும் நாகரிகமாக முடிந்திருந்தால் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். இருவருக்கும் பொதுவாக ஒரு கோரிக்கை இருந்தது: எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம். கடவுள் இல்லை என்றவர் கருவறைக்குள் போகும் உரிமையைக் கேட்டார், கடவுள் உண்டு என்ற அடிகளார் அதை ஆதரித்தார். தமிழ்நாட்டு அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் ஆகம விதிகளை மீற முடியாது என்று வாசலைப் பாதி மூடிவிட்டது. 1973 டிசம்பரில் பெரியார் இறந்தார். பயிற்சி பெற்ற பல்வேறு சாதியினருக்கு அரசு அர்ச்சகர் பணி கொடுக்க 2021 ஓகஸ்ட் வரைக்கும் எடுத்தது. வழக்குகள் அதற்குப் பிறகும் தொடர்ந்தன.

இதில் இருந்து நான் எடுப்பது ஒன்றுதான். மரியாதை என்பது கருத்து வேறுபாட்டை மூடி வைப்பது கிடையாது. ஒரு பொது வேலையில் பக்கத்தில் நிற்கிற ஆளோடுதான் கடுமையாகவும் கதைக்கலாம். பக்கத்தில் நிற்காமல் கடுமையாகக் கதைத்தால் அது என் குசினிக் கேள்வி மாதிரித்தான் போய் முடியும்.

நம்பிக்கை உள்ள தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மரியாதை ஒருவழிப் பாதை இல்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 37 பேர் தங்களுக்கு மதம் இல்லை என்று எழுதினார்கள். இந்த நாட்டில் தெருவில் நின்று 'நான் நாத்திகன்' என்று சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே தெருவில் அம்மாவின் பொட்டையும் ஒரு முஸ்லிம் தோழரின் முக்காட்டையும் பார்த்து இனவாதி கத்துவான். ஆகவே இங்கே மதத்தைப் பகிடி பண்ணுகிற நாத்திகர், தான் எந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. தகப்பனின் செத்தவீட்டில், தனக்கு நம்பிக்கை இல்லாத கிரியைகளை ஊர்ச்சனம் பார்க்கிறது என்பதற்காகச் செய்ய வேண்டி வந்த தோழர் இங்கே இருக்கிறார். நம்பவில்லை என்று சொன்னதற்காக வீட்டில் கதை நின்று போனவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் இதற்கு உயிரே போயிருக்கிறது. 2013இல் புனேயில் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். மூடநம்பிக்கை ஒழிப்புக்காக வாழ்நாள் எல்லாம் உழைத்தவர். சனி சிங்கணாப்பூர் கோயிலுக்குள் பெண்களை விட வேண்டும் என்றும் போராடியவர். 2017இல் கோயம்புத்தூரில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நாத்திகரான ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். "உங்கட கதை எங்கட மனதைப் புண்படுத்துது" என்ற வசனம் எங்கே போய் முடியலாம் என்பதை நம்பிக்கை உள்ள தோழர்கள் மறக்கக் கூடாது. மனம் புண்படும் உரிமை எல்லாருக்கும் இருக்கிறது. அதை வைத்து மற்றவரின் வாயை மூடும் உரிமை ஒருவருக்கும் இல்லை.

இன்னொன்று. சைவக் குடும்பங்களில் இருந்து வந்த எங்களைப் போன்ற நாத்திகர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. எங்கள் குத்துவிளக்கைப் 'பண்பாடு' என்போம், மற்றவர் தொழுகையை 'மதம்' என்போம். ஒரு நிகழ்வுக்கு நாங்கள் மங்கள விளக்கு ஏற்றித் தொடங்கினோம். வந்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் தோழர், "தொழ ஒரு மூலை இருக்கோ?" என்று கேட்டபோது, "இது மதச்சார்பற்ற இடம்" என்று பதில் போனது. 1990இல் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய வரலாறு உள்ள ஒரு சமூகம் நாங்கள். அந்தப் பதில் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள்.

கடைசியாக, எங்கள் கூட்டுக்கு நான் கேட்கிற சில காரியங்கள்.

முதலாவது, விவாதிக்க முன் கேட்போம். "எதை நம்புறீங்கள்?" என்பதைவிட "அது உங்களுக்கு என்ன செய்யுது?" என்ற கேள்வி நல்லது. நாத்திகரிடமும் அதையே கேட்கலாம். "ஏன் விட்டனீங்கள்?" என்று என்னிடம் ஒருவரும் இதுவரை ஒழுங்காகக் கேட்டதில்லை.

இரண்டாவது, ஆளின் நம்பிக்கையையும் நிறுவனத்தையும் பிரித்துப் பார்ப்போம். கோயில் நிர்வாக சபையில் எத்தனை பெண்கள்? கணக்கு எங்கே? பூசை செய்கிற ஐயருக்கு என்ன சம்பளம், எத்தனை மணித்தியால வேலை? உள்ளே என்ன சாதி பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விகளை வெளியே நிற்கும் நான் கேட்பதைவிட உள்ளே போய்க் கும்பிடுகிற தோழர் கேட்டால் வலிமை கூட. நான் அவருக்குப் பக்கத்தில் நிற்கலாம். பேர்ண் நகரத்தில் 2014இல் திறந்த 'மதங்களின் இல்லம்' கட்டடத்தில் உள்ள சைவக் கோயிலில் பூசை தமிழில் நடக்கிறது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் பக்தர்கள்தான்.

மூன்றாவது, எங்கள் நிகழ்வுகளை விளக்கேற்றித் தொடங்குவதை விட்டுவிட்டு அகவணக்கத்தோடு தொடங்குவோம். அந்த ஒரு நிமிடத்தில் ஒருவர் செபிக்கலாம், ஒருவர் சும்மா நிற்கலாம், ஒருவர் தன் தம்பியை நினைக்கலாம். ஒருவரும் ஒருவரையும் விசாரிக்கத் தேவையில்லை. தொழுகைக்கு ஒரு மூலை ஒதுக்குவோம். விரத நாட்களைப் பார்த்துச் சாப்பாட்டை ஒழுங்கு செய்வோம்.

நான்காவது எனக்கானது. முதலில் சொன்ன தோழரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்த மாதம் வாடகையாளர் கூட்டத்துக்கு வரச் சொல்லியும் கேட்டேன். "வெள்ளிக்கிழமை வைக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னார். ஆகவே கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டும் என்று இங்கே முன்மொழிகிறேன்.

நான் சொன்னதில் உடன்பாடு இல்லாதவர்கள் தேநீர் இடைவேளையில் பிடியுங்கோ. ஆறுதலாகக் கதைப்பம்.