வீட்டுக்குள்ள ஒரு கடல்: சம்ப், ஸ்கிம்மர், ஒரு கரண்ட் கட்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "சேலத்துல உட்கார்ந்துகிட்டு கடல் மீன் வளர்க்க முடியுமா?" முடியும். நான் வளர்க்கறேன். ஆனா எப்படி ஆரம்பிச்சேன், எங்க சொதப்பினேன்னு சொல்லிட்டு அந்த "முடியும்"-ஐ சொல்றதுதான் நியாயம். அதனால இன்னைக்கு சம்ப் பத்தியும் ப்ரோட்டீன் ஸ்கிம்மர் பத்தியும் பேசறேன். நடுவுல எங்க அம்மா வெறுங்காலோட தண்ணியில நின்ன ஒரு ராத்திரியும் வரும்.

முதல்ல சம்ப். வீட்டுல இந்த வார்த்தையை எடுத்ததுமே அப்பா கேட்டார்: "வாசல்லதான் ஏற்கெனவே சம்ப் இருக்குதே, இன்னொண்ணு எதுக்குடா?" சிரிச்சேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா அப்பா சொன்னதுலதான் மொத்த பாடமும் இருக்கு. நம்ம வீடுகள்ல கீழ சம்ப், மேல ஓவர்ஹெட் டேங்க், நடுவுல ஒரு மோட்டார். மீன் தொட்டியிலயும் அதே ஏற்பாடுதான். மேல மீன் இருக்கற கண்ணாடித் தொட்டி, கீழ ஸ்டாண்டுக்குள்ள இன்னொரு சின்னத் தொட்டி. மேல இருந்து தண்ணி தானா வழிஞ்சு குழாய் வழியா கீழ இறங்கும். கீழ இருந்து பம்ப் அதை மேல தள்ளும். நாள் பூரா இப்படியே சுத்திக்கிட்டு இருக்கும்.

இதனால என்ன லாபம்? மொத்த தண்ணியோட அளவு கூடுது, அதனால உப்போ சூடோ சட்டுனு மாறாது. ஹீட்டர், ஸ்கிம்மர், வயர் எல்லாம் கண்ணுக்குத் தெரியாம கீழ போயிடும். தண்ணி ஆவியாகி மட்டம் குறையறது மேல தெரியாது, சம்ப்ல பம்ப் இருக்கற அறையில மட்டும்தான் தெரியும்.

அடுத்தது ஸ்கிம்மர். இதுக்கு எனக்குக் கிடைச்ச நல்ல விளக்கம் யூடியூப்ல இல்ல, பரமத்தி வேலூர் பக்கத்துல இருக்கு. எங்க அப்புச்சி ஊர் அந்தப் பக்கம். சின்ன வயசுல லீவுக்குப் போனா கரும்பு ஆலைக் கொட்டகையில போய் நிப்போம். பெரிய கொப்பரையில கரும்புச்சாறு கொதிக்கும்போது வெண்டைச்செடியை நசுக்கி எடுத்த கொழகொழ தண்ணியை ஊத்துவாங்க. கொஞ்ச நேரத்துல அழுக்கெல்லாம் நுரையோட மேல திரண்டு வரும். அதை நீளக் கரண்டியால அள்ளி வெளிய போடுவாங்க. அள்ளாம விட்டா வெல்லம் கருத்துப்போயிடும். அழுக்கு சாறுக்குள்ள கலந்து போறதுக்கு முன்னாடியே நுரையில பிடிச்சு வெளிய எடுக்கணும். ஸ்கிம்மர் செய்யறதும் இதேதான்.

மீன் கழிவு, மிச்ச தீனி, மீன் உடம்புல இருந்து வர்ற வழுவழுப்பு எல்லாம் தண்ணியில கரைஞ்சு இருக்கும். அதுல இருக்கற புரதம் மாதிரியான பொருளுக்கு ஒரு முனை தண்ணியை விரும்பும், இன்னொரு முனை தண்ணியை விட்டு விலகப் பார்க்கும். அதனால அது காத்துக் குமிழியோட மேற்பரப்புல போய் ஒட்டிக்கும். ஸ்கிம்மருக்குள்ள ஒரு பம்ப் காத்தை இழுத்து ரொம்பப் பொடியான குமிழிகளா உடைச்சு விடும். குமிழிகள் அழுக்கைச் சுமந்துகிட்டு மேல ஏறி, நுரையாகி, கழுத்து வழியா கப்ல விழும். 1960-கள்லயே ஜெர்மனிக்காரங்க இதை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டு வந்துட்டாங்க.

ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். தண்ணியில ஏற்கெனவே உருவாகிட்ட அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் ஸ்கிம்மர் எடுக்காது. அழுக்கு அழுகி அம்மோனியா ஆகறதுக்கு முன்னாடியே எடுக்கறதுதான் அதோட வேலை. மிச்சத்தை பாக்டீரியாதான் பார்த்துக்கணும். அதனால ஸ்கிம்மர் வாங்கிட்டேன், தண்ணி மாத்த வேண்டாம்னு நினைச்சுடாதீங்க.

இன்னொண்ணு. "கோல்டு ஃபிஷ் தொட்டிக்கு ஸ்கிம்மர் போடலாமா?" வேண்டாம், காசு வேஸ்ட். நல்ல தண்ணியில குமிழிகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகி சட்டுனு மேல போயிடும். உப்புத் தண்ணியிலதான் அது சேராம பொடியாவே இருக்கும். நல்ல தண்ணி மீனுக்கு சம்ப் போடுங்க, ஸ்கிம்மரை விட்டுடுங்க.

இப்ப என் செட்டப். மேல தொட்டி 120 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். விளிம்பு வரைக்கும் நிரப்பினா 243 லிட்டர். கீழ சம்ப் 75 நீளம், 35 அகலம், 40 உயரம். சம்ப்ல மூணு அறை. முதல் அறையில தண்ணி விழுது, அங்க ஒரு ஃபில்டர் துணிப் பை. ரெண்டாவது அறையில ஸ்கிம்மர். மூணாவதுல மேல தள்ளற பம்ப். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல மூணு கண்ணாடித் தடுப்பு. தண்ணி ஒண்ணு மேல ஏறி, அடுத்ததுக்கு அடியில நுழைஞ்சு, மறுபடி மேல ஏறித்தான் போகணும். அதுக்குள்ள குமிழி எல்லாம் பிரிஞ்சுடும். இல்லைன்னா மேல தொட்டி பூரா சோடா பாட்டில் மாதிரி ஆயிடும்.

ஸ்கிம்மர் அறையில தண்ணி மட்டம் மாறவே கூடாது. ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் இத்தனை செ.மீ. ஆழத்துல நிக்கணும்னு கம்பெனியே போட்டிருப்பாங்க. பெரும்பாலும் 15-ல இருந்து 20-க்குள்ள வரும். தடுப்புக் கண்ணாடியை அந்த உயரத்துக்கு வெட்டச் சொல்லுங்க. அதாவது ஸ்கிம்மரை முதல்ல முடிவு பண்ணிட்டு சம்ப்பை ஆர்டர் கொடுங்க. நான் தலைகீழா பண்ணேன். அப்புறம் ஸ்கிம்மருக்கு அடியில அக்ரிலிக் பலகை வச்சு உயர்த்த வேண்டியதாயிடுச்சு.

புது ஸ்கிம்மர் முதல் ஒண்ணு ரெண்டு வாரம் அடம் பிடிக்கும். ஒரு நாள் நுரையே வராது, மறுநாள் பொங்கி ஊத்தும். திருகிக்கிட்டே இருக்காதீங்க, பழகட்டும்னு விடுங்க. தீனி போட்டதும் அதுல இருக்கற எண்ணெயால நுரை கொஞ்ச நேரம் படுத்துடும், பயப்படாதீங்க. கப்ல விழறது லைட் டீ கலர்ல இருந்தா தண்ணி அதிகமா போகுது, கெட்டி டிகாஷன் மாதிரி இருந்தா சரி. வாரத்துக்கு ரெண்டு தடவை கப்பைக் கழுவுங்க. கழுத்துல பிசுக்கு படிஞ்சா நுரை ஏறாது. நாத்தத்துக்கு நான் பொறுப்பில்ல.

இப்ப அந்த ராத்திரி. எல்லாம் செட் பண்ணி மூணாவது வாரம். ராத்திரி பதினொண்ணரைக்கு கரண்ட் போச்சு. நான் மாடியில தூங்கிட்டேன். ஹால்ல சலசலன்னு சத்தம் கேட்டு அம்மா எழுந்து இருட்டுல வந்திருக்காங்க. தரையெல்லாம் தண்ணி. உப்புத் தண்ணி. ஸ்டாண்டுக்குக் கீழ தரையில என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அம்மா கால் நனைஞ்சு நிக்கும்போதே கரண்ட் வந்துடுச்சு. பாக்ஸ்ல படார்னு ஒரு பொறி, அடுத்த நொடி ஃப்யூஸ் போச்சு. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. ஆகியிருக்கலாம்.

நான் இறங்கி வந்தப்ப அம்மா சோபா மேல காலைத் தூக்கி வச்சு உட்கார்ந்திருந்தாங்க. திட்டல. "கண்ணு, கடலை வீட்டுக்குள்ள கொண்டாந்தது சரி, மொதல்ல இந்தக் கரண்டுக்கு ஒரு வழி பண்ணு. அதுவரைக்கும் இந்தப் பக்கம் நான் வரமாட்டேன்"னு சொன்னாங்க. திட்டியிருந்தா கூட தேவலைன்னு இருந்துச்சு.

விடியவிடிய உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பம்ப் நின்னதும் தண்ணி மேல போறது நிக்கும். ஆனா தள்ளற குழாயோட வாய் மேல தொட்டியில 10 செ.மீ. ஆழத்துல முங்கியிருந்துச்சு. அந்த வாய்க்குக் காத்து கிடைக்கற வரைக்கும் தண்ணி அதே குழாய் வழியா திரும்பி கீழ வரும். ட்யூப் போட்டு பெட்ரோல் உறிஞ்சற மாதிரிதான். என் தொட்டியில 1 செ.மீ. தண்ணின்னா 5.4 லிட்டர். 10 செ.மீ.க்கு 54 லிட்டர். சம்ப்ல காலியா இருந்தது 14 செ.மீ. உயரம், அதாவது 36 லிட்டர் சொச்சம். மிச்சம் 17, 18 லிட்டர் எங்க போகும்? எங்க ஹாலுக்குத்தான்.

பள்ளிக்கூடத்துல படிச்ச நீளம், அகலம், உயரம். இதை நான் முன்னாடியே போட்டிருக்கணும். கடைக்காரர் மேலயும் தப்பு இல்ல, மின்சாரம் மேலயும் தப்பு இல்ல.

சரி பண்ணது என்னன்னா: ஒண்ணு, அந்தக் குழாயோட வாயை மேற்பரப்புல இருந்து 2 செ.மீ.க்குக் கொண்டு வந்தேன். இப்ப திரும்பி வர்றது 11 லிட்டர்தான், ஓவர்ஃப்ளோவுல மிச்சம் வடியறதையும் சேர்த்தா கூட சம்ப் தாங்கும். திரும்பி வராம தடுக்கற வால்வை மட்டும் நம்பாதீங்க, ஒரு மணல் துகள் மாட்டினா அது மூடாது. ரெண்டு, சம்ப்ல ஒரு கோடு போட்டு அதுக்கு மேல தண்ணி ஊத்தறதில்லை. மூணு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டுக்கு ஆர்சிசிபி போட்டேன். கசிவு வந்தா கண் இமைக்கறதுக்குள்ள கரண்டை வெட்டிடும். ஸ்கிம்மர் வாங்கற காசு இருந்தா இதுக்கும் காசு இருக்கு. இதை முதல்ல போடுங்க. நாலு, ப்ளக் எல்லாம் சுவத்துல தண்ணி மட்டத்துக்கு மேல. ஒவ்வொரு வயரும் கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறித்தான் ப்ளக்குக்குப் போகும். வழியற தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், ப்ளக்குக்கு ஏறாது. அஞ்சு, வேணும்னே மெயினை ஆஃப் பண்ணி மூணு தடவை டெஸ்ட். மூணாவது டெஸ்டுக்கு அம்மா வந்து நின்னு பார்த்தாங்க. செருப்பு போட்டுக்கிட்டு.

மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையில 9 மணிக்குப் போற கரண்ட் சாயங்காலம்தான் வரும், தெரியும்ல? அதுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வச்சிருக்கேன். சித்திரை வெயில்ல சூடான தண்ணியில ஆக்சிஜன் ஏற்கெனவே கம்மி. சம்ப் மேல சின்ன ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி குறையும், ஆனா தண்ணி வேகமா ஆவியாகும். ஆவியாகறது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கேயேதான் இருக்கும். அதனால ஆர்ஓ தண்ணியை மட்டும் ஊத்தி ஈடு கட்டணும், உப்புத் தண்ணியை ஊத்தாதீங்க. நம்ம ஊர் போர்வெல் தண்ணி எப்படின்னு உங்க வீட்டு வெந்நீர் ஹீட்டர் காயிலைப் பார்த்தாலே தெரியும், அது வேண்டவே வேண்டாம். சமையல் உப்பும் வேண்டாம், கடல் தண்ணியில இருக்கற மெக்னீசியம், கால்சியம் எல்லாம் அதுல அளவா இருக்காது. மீன் தொட்டிக்குன்னு வர்ற உப்புக் கலவையை வாங்கி லிட்டருக்கு 35 கிராம் உப்புத்தன்மை வர்ற வரைக்கும் அளந்து கலக்குங்க.

கடைசியா ஒண்ணு. இதெல்லாம் முடிஞ்சதும் ஒருத்தர் வாட்ஸ்அப்ல படம் அனுப்பினார். கடல்ல இருந்து எடுத்த உயிருள்ள பாறை, பவளம், கூடவே கடல் குதிரை. விலை குறைவு. படத்தைப் பார்த்ததும் ஆசை வந்துச்சு, பொய் சொல்லல. ஆனா பாறை கட்டற பவளமும் கடல் குதிரையும் 2001-ல இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. புலிக்குக் கொடுத்திருக்கற அதே இடம். மன்னார் வளைகுடாவுல மொத்தம் 21 தீவு. பவளப்பாறையை வெட்டி வெட்டியே அதுல ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு. என் ஹால்ல ஒரு கடல் வைக்கறதுக்காக அந்தக் கடலைக் குறைக்க எனக்கு மனசு வரல.

காய்ஞ்ச செராமிக் கல்லை வச்சு ஆரம்பிச்சேன். அதுல பாக்டீரியா குடியேற ஆறு வாரம் காத்திருந்தேன். அப்புறம் பண்ணையில பொரிச்ச க்ளவுன் மீன் ஒரு ஜோடி. மண்டபத்துல இருக்கற மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துலயே இந்த மீனைப் பொரிக்க வச்சுட்டாங்க, அதனால கடல்ல இருந்து பிடிக்கணும்னு அவசியமே இல்ல. வாங்கும்போது "பண்ணை மீனா, பிடிச்ச மீனா?"ன்னு கேளுங்க. பதில் சொல்லாத கடையில வாங்காதீங்க.

மீன் வந்து ஒன்பது மாசம் ஆச்சு. காலையில தீனி போடறது இப்ப அம்மாதான், அளவைத் தாண்டிப் போடறாங்க. ஸ்கிம்மர் கப் சீக்கிரம் நிரம்புது. கழுவறது நான்.

நீங்க சம்ப் போடறீங்கன்னா பம்ப்பை ஆன் பண்றதுக்கு முன்னாடி உங்க தொட்டியோட 1 செ.மீ. எத்தனை லிட்டர்னு கணக்குப் போட்டு எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதையெல்லாம் எடுத்து வச்சுப் பேசுவோம். வரட்டுமா.