ஓட்டுகிறவன் கணக்கும் நம் கல்லூரியின் கடமையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்சார வண்டி பற்றிப் பேசச் சொன்னார்கள். மின்சார வண்டி என்றதும் பலருக்கும் வெளிநாட்டுக் கார்தான் ஞாபகத்துக்கு வரும். நம்மைப் போன்ற வளரும் நாட்டில் கதை வேறு. இங்கே மின்சாரம் பெருமளவில் ஏறியது மூன்று சக்கரத்தில்.

2010-ஐ ஒட்டி டெல்லித் தெருக்களில் ஈ-ரிக்‌ஷா ஓடத் தொடங்கியது. மிதிக்கிற ரிக்‌ஷாவுக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார், நான்கு 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி, 25 கிலோமீட்டர் வேகம். அவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம். பாட்னா, லக்னோ, கொல்கத்தா என்று பரவியது. வங்காளத்தில் அதற்கு 'டோட்டோ' என்று செல்லப்பெயர் வேறு. அரசாங்கத் திட்டம் வந்து அதை வளர்க்கவில்லை. சட்டமே பின்னால்தான் வந்தது. 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2015-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அனுமதி கொடுத்தார்கள். 2023-ஆம் ஆண்டு மின்சார மூன்று சக்கர வண்டி விற்பனையில் இந்தியா சீனாவை முந்தி உலகிலேயே முதலிடம் பிடித்தது.

இது எப்படி நடந்தது? ஓட்டுகிறவன் போட்ட கணக்கினால்தான். ஸ்கூட்டரையே எடுத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டர் ஓட, சார்ஜ் செய்யும்போது ஆகும் சேதாரத்தையும் சேர்த்து, ஏறக்குறைய மூன்றரை யூனிட் போதும். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் 28 ரூபாய். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால், அதே தூரத்துக்கு 220 ரூபாய் போய்விடும். வாரம் ஒருநாள் வண்டி எடுப்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. காலை முதல் இரவு வரை ஓட்டிப் பிழைப்பவருக்கு இதுதான் வீட்டுச் செலவு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாமே.

நம் மாநிலத்துக்கும் இதில் நல்ல பங்கு உண்டு. கோயம்புத்தூரில் 2008-லேயே ஆம்பியர் நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள் 2013-இல் தொடங்கிய ஏத்தர், இன்று ஓசூரில் ஸ்கூட்டர் செய்கிறது. கிருஷ்ணகிரி, ராணிப்பேட்டை என்று தொழிற்சாலைகள் வந்துவிட்டன. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் கார் ஆலையைத் திறந்தது.

கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டியைப் பிரித்துப் பார்த்தால் நம் பெருமை கொஞ்சம் குறையும். ஸ்கூட்டர் விலையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பேட்டரிக்குப் போகிறது. அந்தப் பேட்டரிக்குள் இருக்கும் செல்களில் உலக உற்பத்தியில் முக்கால் பங்குக்கு மேல் சீனாவுடையது. இங்கேயே செல் தயாரிக்க மத்திய அரசு 2021-இல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தது. இலக்கு இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. மோட்டாருக்குள் இருக்கும் காந்தமும் அதே கதைதான். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்ததும் நம் கம்பெனிகள் திண்டாடின.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்று மலிவு வண்டிகளுக்கு ஏற்றது என்று எல்லோரும் சொல்லும் லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் செல், அமெரிக்காவில் குட்எனஃப் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதற்கு வழிகாட்டிய முன் ஆய்வுகளில் அவரோடு உழைத்தவர் ஆறுமுகம் மந்திரம். நம் தென்மாவட்டக் கிராமத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2019-இல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவரும் இவரே. ஆளும் அறிவும் நம்மிடம் இருந்திருக்கிறது. ஆலை மட்டும் வேறு ஊருக்குப் போய்விட்டது.

அடுத்து, வெயில். செல்லுக்கும் நம் உடம்பைப் போலத்தான், இதமான சூடு போதும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியை உடனே சார்ஜ் போட்டால் அதன் ஆயுள் குறையும். 2022-இல் நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்து உயிர்களும் போயின. அதன் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கினார்கள். குளிர்நாட்டுக்காகச் செய்த வடிவமைப்பை அப்படியே இறக்கி ஓட்டினால் சரிப்படாது என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

இனி என் மனசை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பிஸ்டன், வால்வு, கிளட்ச் பிளேட், சைலன்ஸர் இவை எதுவும் மின்சார வண்டியில் கிடையாது. கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் இவற்றைக் கடைந்து கொடுத்துப் பிழைக்கும் சிறு பட்டறைகள் எத்தனை! இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலரின் அப்பாவே அப்படி ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருக்கலாம். தெருமுனை மெக்கானிக்கின் நிலையும் இதுதான். 48 வோல்ட் லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் பேட்டரி என்றால் உள்ளே வரிசையாகப் பெரும்பாலும் பதினாறு செல். அதில் ஒன்று பலவீனமானாலும் காவல் சர்க்யூட் மொத்தத்தையும் நிறுத்திவிடும். கம்பெனியில் கேட்டால் முழுப் பேட்டரியையும் மாற்றச் சொல்வார்கள். விஷயம் தெரியாத மெக்கானிக் என்ன செய்வார்? அந்தக் காவல் சர்க்யூட்டையே தாண்டி ஒயரை இணைத்துவிடுவார். வண்டி ஓடும். ஒருநாள் எரியும்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. நம் எலக்ட்ரிக்கல் லேப் சனிக்கிழமை மாலை பூட்டித்தான் கிடக்கிறது. அதைத் திறப்போம். சுற்றுவட்டார மெக்கானிக்குகளை அழைத்து, செல் வோல்டேஜ் அளப்பது, பழுதான செல்லைக் கண்டுபிடிப்பது, எதைத் தொடவே கூடாது என்பது, இவற்றைக் கட்டணம் இல்லாமல் சொல்லிக்கொடுப்போம். இறுதியாண்டு மாணவர்கள் பாடம் எடுக்கட்டும். கருவிகளுக்கான செலவை முன்னாள் மாணவர்கள் நாம் பகிர்ந்துகொள்வோம். என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

தம்பி தங்கைகளே, சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் தயாராகப் போங்கள். வண்டி எங்கே நோகிறது என்பது ஓட்டுகிறவனுக்கும் பழுது பார்க்கிறவனுக்கும்தான் முதலில் தெரியும். வெயிலைத் தாங்கும் பேட்டரிப் பெட்டியும், அரிய மண் இல்லாத மோட்டாரும் செய்யப் போகிற பொறியாளருக்கு அந்த அறிவு அவசியம் வேண்டும்.