மின்கம்பி வழியே இணையம்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் முழங்கும் மேடையில் மின்கம்பியைப் பற்றிப் பேசப் புகுந்தோமே என்று சிலர் வியக்கலாம். தங்கவயல் தமிழர்க்கு மின்கம்பி அயற்பொருள் அன்று. சிவசமுத்திரத்தில் விழும் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம், 1902ஆம் ஆண்டில் ஏறத்தாழ 92 மைல் தொலைவு கம்பியில் ஓடிவந்து இங்குள்ள சுரங்கப் பொறிகளை இயக்கிற்று. பெங்களூர் நகருக்கு அவ்வொளி 1905இல்தான் கிட்டியது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் கம்பிகள் நம் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு இன்னுமொரு பணி செய்துகொள்ளலாம் என்பதை எடுத்துரைக்கவே வந்துள்ளோம்.

நாம் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி புரிபவர். பள்ளி இறுதி வகுப்புடன் படிப்பை முடித்தவர். எனவே நூலறிவு மிகுந்த சொற்பொழிவை எதிர்பாராதீர்கள். வீட்டுக்கு உதவும் செய்தியை மட்டும் எளிதாகக் கூறுவோம்.

சுரங்கங்கள் மூடியபின் நம்மவர் பல்லாயிரவர்க்குப் பெங்களூரே சோறிடும் ஊராயிற்று. மாரிகுப்பத்தில் விடியுமுன் வண்டியேறி, விளக்கு வைத்தபின் வீடு திரும்பும் பிள்ளைகளை நாம் அறிவோம். அவருள் சிலர்க்கு வாரத்தில் இரண்டொரு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யும் வாய்ப்பு உண்டு. 2020 மார்ச்சில் வண்டிகள் நின்று பள்ளிகளும் மூடியபோது, பாடமே இணையத்தின் வழியாகத்தான் வந்தது. இன்றும் தேர்வு விண்ணப்பம், நேர்முகத் தேர்வு, பயிற்சி வகுப்பு எல்லாம் அவ்வழியே வருகின்றன. நேர்முகத் தேர்வின் நடுவே திரையில் முகம் உறைந்து நின்றால், எதிரே இருப்பவர் நம் சுவரின் பருமனைக் கேட்டறிந்து மன்னிப்பாரா? ஆகவே இது பொழுதுபோக்குச் செய்தி அன்று. பிழைப்பைப் பற்றிய செய்தி.

வேகம் குறைகிறது என்றவுடன் பலர் கூடுதல் பணம் கட்டிப் பெரிய திட்டத்துக்கு மாறுகின்றனர். அதற்குமுன் ஒரு சோதனை செய்தல் வேண்டும். ரவுட்டர் பெட்டியின் அருகே அமர்ந்து, கணினியைக் கம்பியால் அதனுடன் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். பின்பு, பிள்ளை படிக்கும் அறைக்குச் சென்று வைஃபையில் அளந்து பாருங்கள். பெட்டியருகே 95 மெகாபிட்டும் பின்னறையில் 8 மெகாபிட்டும் வருவதாக வைத்துக்கொள்வோம். அப்போது குறை வீட்டுக்குள் இருக்கிறது. பெட்டியருகிலேயே வேகம் இல்லையெனில் குறை வெளியே இருக்கிறது; அதற்கு நாம் சொல்லப்போகும் பொறி உதவாது. இச்சோதனைக்குக் காசு செலவில்லை.

வீட்டுக்குள் வேகம் கெடுவது எதனால்? பழைய கற்சுவர்களும் தகரத் தடுப்புகளும் வானொலி அலைகளைத் தடுக்கின்றன. முதலில் பெட்டியை வாயிற்படி மூலையிலிருந்து எடுத்து வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வையுங்கள். இரண்டு அறை உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். சுவரோரமாக வலைக்கம்பி இழுக்க முடியுமாயின், அதனினும் சிறந்த வழி வேறில்லை. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க இயலாதவர்க்கும், கற்சுவர் வீடுகளில் வாழ்வோர்க்குமே மூன்றாம் வழி தேவைப்படும். அதுதான் பவர்லைன் அடாப்டர் எனப்படும் பொறி.

அது வேலை செய்யும் முறையை விளக்க நம் இரயில் பாதையையே சான்றாகக் காட்டலாம். மின்வண்டி செல்லும் பாதையில் மேற்கம்பி வழியே 25,000 வோல்ட் மின்சாரம் வருகிறது. எஞ்சினை இயக்கியபின் அது திரும்பும் வழிகளுள் தண்டவாளமும் ஒன்று. பாதையில் வண்டி நிற்கிறதா என்பதைக் கைகாட்டிக்கு உணர்த்தும் சிறு மின்னோட்டமும் அதே தண்டவாளங்களில்தான் ஓடுகிறது. இரண்டும் தன்மையால் வேறானவை. ஆதலால் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

வீட்டுக் கம்பியிலும் அவ்வாறே. விளக்கெரிக்கும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அதிர்கிறது. அடாப்டர் அனுப்பும் செய்தியோ நொடிக்குப் பல லட்சம் முதல் சில கோடி முறை வரை அதிரும் அலைகளில் ஏறிச் செல்கிறது. இப்பொறிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக விற்கப்படும். ஒன்றை ரவுட்டரின் அருகே சுவரில் செருகி அதனுடன் சிறு கம்பியால் இணைக்க வேண்டும். மற்றொன்றைப் பின்னறையில் செருகி, அங்கிருந்து கணினிக்குக் கம்பி கொடுக்க வேண்டும். இடையே உள்ள வழியை வீட்டு மின்கம்பியே பார்த்துக்கொள்ளும்.

பெட்டியின்மேல் 600 என்றும் 1000 என்றும் அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டா. அது ஏட்டளவு வேகம். கைக்கு வருவது அதில் ஒரு சிறு பங்கே. சில பொறிகளில் 600 என்று எழுதியிருப்பினும், கம்பி செருகும் வாய் 100 மெகாபிட்டுக்கு மேல் விடாது. எனினும் 8 வந்த அறையில் 40 வந்தாலும், அறுபடாமல் வருமாயின், ஒரு மாணவனின் பாடத்துக்கும் ஓர் ஊழியரின் கூட்டத்துக்கும் அது தாராளம்.

அந்த வேகத்தைப் பெறச் சில விதிகள் உண்டு.

முதலாவது, அடாப்டரை நேரே சுவர்ப் பிளக்கில் செருகுக. எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் வேகம் குறையும். ஸ்பைக் பஸ்டரில் செருகினாலோ, அதிலுள்ள வடிகட்டி நம் செய்தியையே இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும்.

இரண்டாவது, கைப்பேசி சார்ஜர், மலிவான எல்.இ.டி. விளக்கு, மிக்சி, தையல் இயந்திர மோட்டார் ஆகியவை கம்பியில் இரைச்சலை எழுப்பும். அவற்றை அதே பிளக்கின் அருகே வைக்காதீர்கள். ஒவ்வொன்றாக நிறுத்தி வேகத்தை அளந்தால் குற்றவாளி அகப்படும்.

மூன்றாவது, மும்முனை மின்சாரம் உள்ள வீட்டில் இரண்டு பொறிகளும் ஒரே முனையில் அமைவது நன்று. வேறு வேறு முனைகளில் இருந்தால் செய்தி மெலியும்.

நான்காவது, ஒரு பொறி இன்வெர்ட்டர் கம்பியிலும் மற்றது நேர் கம்பியிலும் இருந்தால் தொடர்பு நலிவுறும். மின்தடையின்போது முற்றிலும் அறுந்துபோகும். ரவுட்டரையும் இரண்டு அடாப்டர்களையும் ஒரே இன்வெர்ட்டர் கம்பியில் அமைத்தல் நலம்.

ஐந்தாவது, இதை மறவாதீர்கள்: வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே கம்பத்திலிருந்து மின்சாரம் வருகிறது. செய்தி மீட்டரைக் கடந்து அயல்வீடு வரை செல்லக்கூடும். புதிய பொறிகள் பொதுச் சாவியுடன் வரக்கூடும். வாங்கிய அன்றே இணைப்புப் பொத்தானை அழுத்தி, நம் வீட்டுக்கெனத் தனிச் சாவி அமைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கம்பி நல்லதாயிருத்தல் வேண்டும். தளர்ந்த முடிச்சும், கருகிய பிளக்கும், எர்த் இல்லாத சுவரும் இணையத்தை மட்டுமா கெடுக்கும்? உயிருக்கும் உலை வைக்கும். பின்னறையில் அடாப்டர் அடிக்கடி அறுந்துபோனால், கம்பியில் பழுது இருக்கலாம் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை எனக் கொண்டு, உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள். உறையை நாமே கழற்றிக் கை வைத்தல் கூடாது.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இப்பொறி எந்த வீட்டில் எவ்வளவு வேகம் தரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் இயலாது; செருகிப் பார்த்தே அறிய வேண்டும். வாங்கியபின் பயனில்லையெனில் ஒரு குடும்பத்தின் பணம் வீண். ஆகவே நம் சங்கம் ஓர் இணை அடாப்டர் வாங்கிப் படிப்பகத்தில் வைக்கட்டும். வேண்டுவோர் நூலை எடுத்துச் செல்வதுபோல் ஏட்டில் ஒப்பமிட்டு ஒரு நாள் எடுத்துச் சென்று, தம் வீட்டில் சோதித்துத் திருப்பித் தரட்டும். பயன்பட்டால் சொந்தமாக வாங்குவர். பயன்படாவிடில் பணம் தப்பியது. ஏட்டைக் காக்கும் பணியை நாமே ஏற்றுக்கொள்கிறோம். ஏடு எழுதுவதுதானே நம் தொழில்!

நூலைப் பகிர்ந்து படித்தவர்கள் நாம், இதையும் பகிர்ந்துகொள்வோம். வரும் தேர்வுக் காலத்துக்குள் இது கைகூடுமாயின், பின்னறையில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வழி திறக்கும்.