பிலேமோனுக்கு ஒரு கடிதம்



ஊரிலிருந்து கடிதம் வந்தால், எழுத்துத் தெரிந்த ஒருவர் லயத்து வாசலில் அமர்ந்து உரக்கப் படிப்பார். சுற்றி நின்று எல்லாரும் கேட்பர். நம் கேமரன் மலைத் தோட்டங்களிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. இரகசியம் ஏதும் இருந்தால் அன்றோடு போயிற்று! அவ்வாறு பலர் நடுவே படிப்பதற்கென்றே எழுதப்பட்ட கடிதம் ஒன்று கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. பிலேமோனுக்கு எழுதிய நிருபம் என்பது அதன் பெயர். 25 வசனங்களே கொண்டது. 1,900 ஆண்டுகளுக்கும் முன்பே, சிறையிலிருந்து பவுல் எழுதியது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தபோது இதுவும் தமிழில் வந்தது.

பிலேமோன் வசதி படைத்தவர். இன்றைய துருக்கியிலிருந்த கொலோசே நகரத்தார் என்பர். அவருடைய அடிமை ஒநேசிமு. 'பயனுள்ளவன்' என்பது அப்பெயரின் பொருள். எசமானை விட்டுப் பிரிந்த ஒநேசிமு, பவுலிடம் வந்து சேர்ந்தார். ஓடிவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கடிதத்தில் அந்தச் சொல் இல்லை. ரோமர் ஆட்சியில் ஓடிப்போன அடிமை பிடிபட்டால் சவுக்கடி உண்டு. நெற்றியில் சூடு போடுவதும் உண்டு. ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்கு வந்த நம் முன்னோரும் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை செல்ல நேர்ந்தது. 1910-இல்தான் அம்முறையில் ஆள் கொண்டுவருவது நின்றது.

இந்தக் கடிதத்தோடு ஒநேசிமுவைப் பவுல் திருப்பி அனுப்புகிறார். வேண்டுவது இதுதான்: இவரை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்கவேண்டும். கடன் ஏதும் இருந்தால்? அதைத் தம் கணக்கில் வைக்கச் சொல்லி, தாமே தீர்ப்பதாகத் தம் கையாலேயே எழுதித் தருகிறார். கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தைக் கழிக்கவே உழைத்துத் தேய்ந்த குடும்பங்களுக்கு இந்த வாக்கின் கனம் புரியும்.

பவுல் விவரமானவர். கடிதத்தைப் பிலேமோனுக்கு மட்டுமன்றி, அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதுகிறார். மடித்து வைத்துவிட்டுப் பேசாமலிருக்க முடியுமா? முடிவில், தமக்குத் தங்க இடம் ஆயத்தம் செய்யவும் சொல்கிறார். நேரில் வந்து பார்ப்பார் என்று பொருள்!

ஆயினும் ஒரு குறை நமக்குத் தோன்றுகிறது. விடுதலை கொடு என்று அவர் வெளிப்படையாக எழுதவில்லை. சொன்னதற்கு மேலும் செய்வாய் என்று நம்புவதோடு நிறுத்திக்கொள்கிறார். இதனால், 1865-இல் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழியும்வரை, அதை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இதே கடிதத்தைக் காட்டி வாதிட்டனர்.

பிலேமோன் என்ன செய்தார் என்று நூலில் இல்லை. கடிதத்தை மட்டும் யாரோ கிழித்தெறியாமல் காத்து வைத்திருக்கிறார்கள்.